மூச்சு விடாதீர்கள்

மார்ச் மாதத்தில்
எங்கள் ஊர் மலை வேலைக்கு வராது.
சியாங் தாவ் ஆஸ்பத்திரியின் மேற்குச் சன்னலில்
அது வழக்கமாக நிற்கிற இடத்தில்
அழுக்குப் பஞ்சு மாதிரி ஏதோ ஒன்று.
அங்கேதான் இருக்கிறது, நம்புங்கள் என்று
புதிதாக வந்த டாக்டரிடம்
சொல்லவேண்டியிருக்கிறது.

நான் எக்ஸ்ரே எடுப்பவள்.
பதினெட்டு வருஷமாக ஒரே வசனம்:
நெஞ்சைப் பலகையோடு ஒட்டுங்கள்.
மூச்சை இழுங்கள்.
பிடியுங்கள்.
விடாதீர்கள்.
தாய்லாந்து மொழியில், கரேனில், அரைகுறை லீசுவில்,
ஷான்காரர்களுக்குச் சைகையில்.

மழைக்காலத்தில் எல்லோருக்கும் முடிகிறது.
இந்த மாதம் இருமல் முந்திக்கொள்கிறது.
படம் அசங்கி
விலா எலும்புகள் இரண்டிரண்டாக விழுகின்றன,
உள்ளே அடைபட்ட யாரோ
கம்பியைப் பிடித்து உலுக்கியதுபோல.

டோக்கன் அறுபத்து மூன்று. அசாபா.
இடுப்பில் ஒரு சிறுமி, அமீமா.
அவள் மூக்கில் பஞ்சு,
பள்ளிச் சட்டையின் காலரில் காய்ந்த சிவப்பு.
"இவளுக்கில்லை, அக்கா. எனக்கு.
இவளுக்கு இது தினமும் வருவதுதான்."

தொழில்: மக்காச்சோளம்.
புகைப்பவரா?
இல்லை என்று குறித்தேன்.
யாரும் சிரிக்கவில்லை.

சட்டையைத் தலைவழியாக உருவினான்.
மயிரிலிருந்து ஒரு சாம்பல் இதழ்
ஆடி ஆடி இறங்கி
என் கழுவிய தரையில் உட்கார்ந்தது.
நானும் பார்த்தேன். அவனும் பார்த்தான்.
எரிக்கத் தடை விதித்து இருபது நாள்.
கூட்டத்தில் கைநாட்டு வைத்தவர்களில்
இவனும் இருந்திருப்பான்.

"விதையைக் கடனாகத் தருகிறார்கள்.
உரத்தைக் கடனாகத் தருகிறார்கள்.
தட்டையை அள்ளிப்போக மட்டும்
லாரி வருவதில்லை.
செயற்கைக்கோள் தலைக்குமேல் போய்விட்ட பிறகுதான்
குச்சியைக் கிழித்தேன்.
அக்கா, வெளியே மூச்சு விட்டுவிடாதீர்கள்."

என் வசனம் அது.

எல்லைக்கு அந்தப் பக்கம் எரிவதுதான் பாதி
என்கிறார்கள் இங்கே.
இந்தப் பக்கம் எரிவதுதான் பாதி
என்பார்களாக இருக்கும் அங்கே.
இரண்டு பாதியும் சேர்ந்து முழுசாக
என் திரைக்கு வந்துவிடுகிறது.
இன்று காலை இரண்டு முட்டை பொரித்தேன்,
மலிவு முட்டை.
சோளம் தின்ற கோழிக்கே வரும் அந்த அடர்மஞ்சளை
கடைசிச் சொட்டுவரை ரொட்டியால் வழித்தேன்.

பக்கத்து அறைச் சுரீபான்
வாழ்நாளில் ஒரு பீடியைத் தொட்டதில்லை.
போன வருஷம் விளையாட்டாகப்
பலகையில் வந்து நின்றான்.
வலது மேல்மடலில்
பத்து பாட் நாணயத்தின் அளவில் ஒரு வெண்மை.
"என்ன தெரிகிறது?" என்றான்.
டாக்டர் சொல்வார் என்றேன்.
சாயங்காலம் ஒன்றாகத் தேநீர் குடித்தோம்.
அன்றைக்கும் நான் மூச்சு விடவில்லை.

அசாபாவுக்கு முதல் தடவை இருமல்.
இரண்டாம் தடவையும்.
அறையில் காற்றைச் சுத்தம் செய்யும் பெட்டி
முனகிக்கொண்டிருந்தது.
இயந்திரம் கெடக்கூடாது என்று வாங்கிக் கொடுத்தது;
நாங்கள் ஓசியில் சுவாசிக்கிறோம்.

"நானும் பிடிக்கிறேன்" என்றாள் சிறுமி,
கண்ணாடிக்கு இந்தப்புறம்
என் நாற்காலியில் முட்டி போட்டுக்கொண்டு.
சரி, எல்லோரும்.
இழுங்கள்.
பிடியுங்கள்.

அவன் தோள்பட்டை நடுங்கி நின்றது.
பொத்தானை அழுத்தினேன்.
படம் வந்தது,
ஒற்றை ஒற்றை எலும்பாக, அசங்காமல்.
இடது அடிப்பக்கம் மூடுபனி.
குனிந்து பார்த்தேன்,
பெரிதாக்கிப் பார்த்தேன்,
பழைய படத்தைத் தேடி எடுத்துப்
பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

திரும்பியபோது
கன்னம் உப்பி, கண் பிதுங்கி
அப்படியே இருந்தாள் அமீமா.
மூக்குப் பஞ்சு புதிதாக நனைந்திருந்தது.
கண்ணாடிக்கு அந்தப்புறம் அவனும்
பலகையைக் கட்டிப்பிடித்தபடி.

விடலாம் என்று
நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை.